பச்சைப் பொத்தானை அழுத்துவதற்கு முன்: ஜெராக்ஸ் கடையிலிருந்து ஒரு குக்கீ வழிகாட்டி

கோத்தகிரி கடைவீதியில் எனக்கு ஒரு ஜெராக்ஸ் கடை. பெயர்ப்பலகையில் ஜெராக்ஸ், பிரிண்ட், லேமினேஷன், ஆன்லைன் விண்ணப்பம் என்று நாலு வரி எழுதியிருக்கிறேன். ஆனால் பாதி நேரம் நான் செய்வது பலகையில் இல்லாத வேலை. "அக்கா, இது என்னமோ கேக்குது, கொஞ்சம் பாருங்க" என்று போனை நீட்டுவார்கள். வாங்கிப் பார்ப்பேன்.

போன கார்த்திகையில் அப்படி ஒரு தாத்தா வந்தார். கீழ்க்கோத்தகிரிப் பக்கம் கொஞ்சம் தேயிலை வைத்திருப்பவர். தேயிலை வாரியம் மாதாமாதம் அறிவிக்கும் பச்சைத் தேயிலை விலையைப் பார்க்க ஏதோ ஒரு செய்தித் தளத்தைத் திறந்திருக்கிறார். விலை தெரிய வேண்டிய இடத்தில் பாதித் திரையை மறைத்துக்கொண்டு ஒரு பெட்டி. இங்கிலீஷில் பத்து வரி, கீழே கொழுத்த பச்சைப் பொத்தான். பேரன் படித்துப் பார்த்து "ஒப்புதல் கேக்குது தாத்தா, அமுக்குங்க" என்றானாம். தாத்தா அமுக்கவில்லை. "எதுக்கு ஒப்புதல்னு தெரியாம எப்படிம்மா ஒத்துக்கறது? ஒரு தடவை தெரியாம ஜாமீன் கையெழுத்துப் போட்டு நான் பட்ட பாடு போதும்" என்றார்.

பதினாலு வருஷமாகக் கடை நடத்துகிறேன். அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். மற்ற எல்லோரும், என்னையும் சேர்த்துத்தான், பச்சையை அழுத்திவிட்டு வேலையைப் பார்க்கப் போனவர்கள். அவருக்கு அன்றைக்கு மேஜையில் வைத்துச் சொன்னதையும், அப்புறம் நானே தட்டுத்தடுமாறிக் கற்றதையும் இங்கே எழுதுகிறேன்.

குக்கீ என்பது டோக்கன்

எங்கள் ஊர் பேக்கரியில் போய்க் குக்கீ கேட்டால் கையில் வர்க்கிதான் வரும். கம்ப்யூட்டர் குக்கீ தின்கிற பொருள் இல்லை. பள்ளிக்கூடம் திறக்கும் ஜூன் மாதத்தில் கடையில் கூட்டம் அலைமோதும். அப்போது அட்டையைக் கிழித்து எண் எழுதி ஆளுக்கு ஒன்று கொடுத்துவிடுவேன். டீ குடித்துவிட்டு வந்து 17 என்று நீட்டினால், உங்கள் காகிதம் எது, எத்தனை நகல், காசு கொடுத்தாயிற்றா என்பதெல்லாம் என் நோட்டில் இருக்கும். முகம் எனக்கு நினைவிருக்க வேண்டியதில்லை.

இணையதளத்துக்கும் முகம் நினைவிருக்காது. ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்குப் போனால், போன நொடி வந்த அதே ஆள்தான் இவர் என்று அதற்குத் தெரியாது. அதனால்தான் 1994-ல், குரோம் மாதிரி தளங்களைத் திறக்கும் பிரவுசர் செயலி ஒன்றைச் செய்த நெட்ஸ்கேப் நிறுவனத்தில் லூ மான்டுல்லி என்ற பொறியாளர் இந்த டோக்கன் ஏற்பாட்டைச் செய்தார். தளம் ஒரு சின்ன எழுத்துத் துணுக்கை உங்கள் பிரவுசரிடம் கொடுத்து வைக்கும். அடுத்த முறை போகும்போது பிரவுசர் அதை நீட்டும். அவ்வளவுதான் குக்கீ. அது வைரஸ் இல்லை, நாலு கிலோபைட்டுக்கு மேல் பெரிதாகவும் இருக்காது. நீங்கள் லாகின் செய்தபடியே இருப்பதும், கூடையில் போட்ட சாமான் கூடையிலேயே இருப்பதும் அதனால்தான்.

வம்பு வேறு இடத்தில் ஆரம்பிக்கிறது. என் கடையில் ஓர் ஆள் நிற்கிறார் என்று வையுங்கள். நான் உங்களுக்கு டோக்கன் கொடுக்கும்போதே அவரும் தன் சீட்டு ஒன்றை உங்கள் சட்டைப்பையில் செருகிவிடுகிறார். அதே ஆள் பேக்கரியிலும் நிற்கிறார், மருந்துக்கடையிலும் நிற்கிறார், பஸ் நிலையத்திலும் நிற்கிறார். ஒவ்வொரு இடத்திலும் உங்கள் பையிலிருக்கும் அவர் சீட்டின் எண்ணைப் பார்த்துக் குறித்துக்கொள்கிறார். உங்கள் பெயர் அவருக்குத் தெரிய வேண்டாம். 4471 என்ற எண்காரர் காலையில் கடன் விண்ணப்பம் நகல் எடுத்தார், மதியம் சர்க்கரை மாத்திரை வாங்கினார், சாயங்காலம் கோவை பஸ் ஏறினார் என்பது தெரிந்தால் போதும். இதுதான் மூன்றாம் தரப்புக் குக்கீ. செய்தித் தளத்தில் விளம்பரம் போடும் நிறுவனம் சமையல் தளத்திலும் விளம்பரம் போடுகிறது, இரண்டிலும் அதே சீட்டு.

ஆக, பெட்டி ஒன்றுதான், கேள்வி இரண்டு. "டோக்கன் வாங்கிக்கொள்கிறீர்களா?" என்பது ஒன்று. அதில் தவறே இல்லை. "அந்த ஆள் உங்கள் பையில் கை விடலாமா?" என்பது இன்னொன்று. பச்சைப் பொத்தான் இரண்டுக்கும் சேர்த்து ஆமாம் சொல்லிவிடுகிறது.

பெட்டி ஏன் வந்தது

நம் ஊர்ச் சட்டத்தால் வந்ததில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2002-ல் ஒரு விதி வந்து, 2009-ல் அதைத் திருத்தி, குக்கீ வைக்கும் முன் ஒப்புதல் வாங்க வேண்டும் என்றார்கள். 2018 மே 25 முதல் ஜிடிபிஆர் என்ற பெரிய தரவுப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும் உலகம் முழுக்கப் பெட்டிகள் முளைத்தன. முன்கூட்டியே டிக் போட்டு வைத்த கட்டம் ஒப்புதல் ஆகாது என்று 2019-ல் அவர்களுடைய நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ஏற்க ஒரு தட்டு, மறுக்கப் பல தட்டு என்று வைத்ததற்காக 2022 ஜனவரியில் பிரான்ஸின் தனியுரிமை அமைப்பு கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் போட்டது. அதற்குப் பின்தான் பல தளங்களில் 'ரிஜெக்ட் ஆல்' என்ற பொத்தான் முதல் திரைக்கே வந்தது.

இந்தியாவில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-ல் நிறைவேறியது, விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. முக்கியக் கடமைகளைக் கடைப்பிடிக்க நிறுவனங்களுக்கு 18 மாத அவகாசம். அந்தச் சட்டத்தில் குக்கீ என்ற சொல்லே கிடையாது. ஆனால் தனிநபர் தரவுக்கு ஒப்புதல் கேட்டால் அது எதற்கு என்று தெளிவாகச் சொல்ல வேண்டும், கொடுப்பது எவ்வளவு சுலபமோ திரும்பப் பெறுவதும் அவ்வளவு சுலபமாக இருக்க வேண்டும் என்கிறது. இன்னொன்றும் உண்டு: அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையிலுள்ள மொழிகளில் அதைப் படிக்கும் வசதி தர வேண்டும். தமிழும் அந்த 22-ல் ஒன்று. இதைச் சொன்னபோதுதான் தாத்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அப்ப நான் கேட்டது சரிதானே?"

சரி, எதை அழுத்துவது

முதலில் 'ரிஜெக்ட் ஆல்', 'டிக்ளைன்', 'நெசசரி ஒன்லி' என்று ஏதாவது இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதுதான். பெரும்பாலும் சாம்பல் நிறத்திலோ, கோடு போட்ட வெறும் எழுத்தாகவோ மூலையில் ஒட்டிக்கொண்டிருக்கும். மறுத்தால் தளம் திறக்காது என்று பலர் பயப்படுகிறார்கள். திறக்கும். வேலைக்கு வேண்டிய குக்கீ அப்போதும் இருக்கும்.

மறுக்கும் பொத்தான் இல்லையென்றால் 'மேனேஜ்', 'கஸ்டமைஸ்', 'பிரிஃபரன்சஸ்', 'மோர் ஆப்ஷன்ஸ்' இதில் ஏதாவது ஒன்று இருக்கும். உள்ளே போனால் வரிசையாக ஸ்விட்சுகள். 'ஸ்ட்ரிக்ட்லி நெசசரி' என்பதை அணைக்க முடியாது, அணைக்கவும் வேண்டாம், அதுதான் கடை டோக்கன். 'அனலிட்டிக்ஸ்' எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணுவது. 'அட்வர்டைசிங்', 'டார்கெட்டிங்', 'மார்க்கெட்டிங்' மூன்றும் பையில் கை விடும் ஆள். இவற்றை அணையுங்கள்.

இங்கே இரண்டு பள்ளங்கள் உண்டு, இரண்டிலும் நான் விழுந்திருக்கிறேன். எல்லாவற்றையும் அணைத்துவிட்டுக் கீழே வந்தால் இரண்டு பொத்தான்கள் இருக்கும். ஒன்று மங்கலாக 'சேவ் மை சாய்சஸ்', பக்கத்தில் பளிச்சென்று 'அக்செப்ட் ஆல்'. கை பழக்கதோஷத்தில் பளிச்சென்றதற்குப் போகும். அவ்வளவு நேரம் அணைத்ததெல்லாம் வீண். இரண்டாவது பள்ளம், சில பெட்டிகளில் 'லெஜிடிமேட் இன்ட்ரஸ்ட்' என்று இன்னொரு தாவல் (டேப்) ஒளிந்திருக்கும். உங்கள் ஒப்புதல் இல்லாமலே எங்களுக்கு நியாயமான தேவை இருக்கிறது என்று அவர்களாகவே சொல்லிக்கொள்ளும் பட்டியல் அது. அங்கே ஸ்விட்சுகள் ஏற்கனவே போட்டபடி இருக்கும். 'அப்ஜெக்ட் ஆல்' கொடுத்தால் அணையும். அது எனக்குப் பிடிபட ஒரு வருஷம் ஆயிற்று.

"ஏற்றுக்கொள் அல்லது சந்தா கட்டு" என்று மிரட்டும் தளங்களும் உண்டு. அவசரமில்லை என்றால் அதே செய்தி வேறு இடத்தில் இருக்கும், நான் அங்கே போய்விடுவேன். அவசரமென்றால் பார்த்ததைச் சேமித்து வைக்காத இன்காக்னிடோ ஜன்னலில் திறந்து ஏற்றுக்கொண்டு, படித்து முடித்து மூடிவிடுவேன். இன்காக்னிடோ ஜன்னல்கள் எல்லாவற்றையும் மூடியதும் அந்தக் குக்கீகள் போய்விடும். ஆனால் அது மாயக்கம்பளி இல்லை. நெட் கொடுக்கும் நிறுவனத்துக்கு நீங்கள் எந்தத் தளத்துக்குப் போனீர்கள் என்பது அப்போதும் தெரியும்.

இன்னொரு பெட்டி வரும், அதுதான் எங்கள் ஊரில் அதிகம் பேரைப் படுத்துகிறது. குக்கீ பெட்டி மாதிரியே இருக்கும், ஆனால் 'ஷோ நோட்டிஃபிகேஷன்ஸ்' என்று கேட்டு 'அலவ்', 'பிளாக்' என இரண்டு பொத்தான் காட்டும். அது தளம் கேட்பது, பிரவுசர் வழியாக வருவது, குக்கீக்குச் சம்பந்தமே இல்லை. நர்சிங் படிக்கும் ஒரு பொண்ணு போனில் நாளெல்லாம் "உங்கள் போனில் 13 வைரஸ்" என்று அலறிக்கொண்டிருந்தது. போனை ஃபார்மட் பண்ண ஐந்நூறு ரூபாய் கேட்டார்களாம் வேறொரு கடையில். ஏதோ பாட்டு இறக்குமிடத்தில் 'அலவ்' அழுத்தியிருக்கிறாள், அவ்வளவுதான். குரோமில் மேலே மூன்று புள்ளி, செட்டிங்ஸ், சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ். அங்கே அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கும். தெரியாத பெயர்களை எல்லாம் பிளாக் போட்டேன். ரெண்டு நிமிஷம். காசு வாங்கவில்லை, வர்க்கி வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

தினம் தினம் சண்டை போடாமல் இருக்க

ஒவ்வொரு பெட்டியோடும் மல்லுக்கட்டுவது என்னால் ஆகாத காரியம். மூடுபனி இறங்கி டவர் ஒரு கோட்டுக்கு வந்துவிட்ட சாயங்காலத்தில், அந்தப் பெட்டியின் உள்திரை திறக்கவே அரை நிமிஷம் ஆகும். அதனால் பிரவுசரிலேயே ஒரு தடவை சொல்லி வைத்துவிடுவது நல்லது.

ஆண்ட்ராய்டு குரோமில் மூன்று புள்ளி, செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, தேர்ட் பார்ட்டி குக்கீஸ். உள்ளே 'பிளாக்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். குரோம் இதைத் தானாகச் செய்யாது. மூன்றாம் தரப்புக் குக்கீகளை இரண்டு வருஷத்தில் ஒழிப்போம் என்று கூகுள் 2020-ல் அறிவித்து, தள்ளிக்கொண்டே வந்து, 2024 ஜூலையில் அந்த எண்ணத்தைக் கைவிட்டது. விளம்பரத்தில் பிழைக்கும் நிறுவனம் வேறு என்ன செய்யும்? ஐபோனில் சஃபாரி 2020 முதலே தானாகத் தடுக்கிறது, நீங்கள் ஒன்றும் செய்ய வேண்டாம். ஃபயர்ஃபாக்ஸ் கம்ப்யூட்டரில் 2022 முதலும் ஆண்ட்ராய்டில் 2023 முதலும் ஒவ்வொரு தளத்தின் குக்கீயையும் தனித்தனி டப்பாவில் போட்டு மூடி வைக்கிறது. அந்த ஆள் பேக்கரியில் செருகிய சீட்டு மருந்துக்கடையில் வெளியே வராது.

நான் என் ஆண்ட்ராய்டு போனில் ஃபயர்ஃபாக்ஸ்தான் வைத்திருக்கிறேன். அதில் விளம்பரங்களைத் தடுக்கும் யூபிளாக் ஆரிஜின் என்ற துணைநிரலைப் போடலாம், இலவசம்தான். அதன் அமைப்பில் வடிகட்டிப் பட்டியல்களுக்குப் போய்க் குக்கீ அறிவிப்புக்கான பட்டியலை டிக் செய்தால் பெரும்பாலான பெட்டிகள் கண்ணிலேயே படாது. விளம்பரங்கள் இறங்காததால் பக்கமும் சட்டென்று திறக்கிறது, டேட்டாவும் மிச்சம்.

தடுத்தபின் ஏதாவது ஒரு தளத்தில் பணம் கட்டும் பக்கமோ லாகினோ முரண்டு பிடிக்கலாம். அந்தத் தளத்துக்கு மட்டும் முகவரிப் பட்டையின் இடது ஓரத்திலுள்ள சின்னத்தைத் தட்டி அனுமதித்துவிட்டு, வேலை முடிந்ததும் பழையபடி மாற்றுங்கள். முழுத் தடுப்பையும் எடுத்துவிடாதீர்கள்.

என் கடைக் கம்ப்யூட்டர்

வெளிநாட்டு விளம்பர நிறுவனத்தைவிட எனக்குப் பெரிய பயம் அடுத்த வாடிக்கையாளர்தான். தேர்வு விண்ணப்பம் போட வந்த ஒரு பையன் தன் மெயிலைத் திறந்து, ஹால் டிக்கெட்டைப் பிரிண்ட் எடுத்து, ஜன்னலை மட்டும் மூடிவிட்டுப் போய்விட்டான். லாகின் குக்கீ அப்படியே இருந்தது. அடுத்து உட்கார்ந்தவர் மெயில் பக்கத்தைத் திறந்ததும் பையனுடைய இன்பாக்ஸ் விரிந்தது. அவர் நல்ல மனிதர், "அக்கா, இது என்னுது இல்லை" என்று கூப்பிட்டார். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. தப்பு என்னுடையதுதான், கடையின் பிரவுசரை நான் அப்படி வைத்திருந்தேன்.

மறுநாள் முதல் எல்லோரையும் குரோமின் கெஸ்ட் ஜன்னலில்தான் உட்கார வைக்கிறேன். வலது மேல் மூலையிலுள்ள ஆள் படத்தை அழுத்தினால் 'கெஸ்ட்' இருக்கும். மூடியதும் குக்கீ, வரலாறு எல்லாம் போய்விடும். இறக்கிய கோப்பு மட்டும் டவுன்லோட்ஸில் தங்கும். ஆதார் நகல், ஜாதிச் சான்றிதழ் என்று அதில் குவிவதை நான் தனியாக அழிக்கிறேன்.

நீங்கள் எங்காவது கம்ப்யூட்டரில் லாகின் செய்து வெளியேற மறந்துவிட்டால், வீட்டுக்கு வந்து போனில் கூகுள் கணக்கைத் திறந்து, செக்யூரிட்டி பக்கத்தில் 'யுவர் டிவைசஸ்' பாருங்கள். அறியாத கருவியை அங்கிருந்தே சைன் அவுட் செய்யலாம். கடைக்குத் திரும்ப பஸ் ஏற வேண்டாம்.

தளம் வைத்திருப்பவர்களுக்கு

அரவேணு பக்கம் என் சித்தி மகன் ஒரு ஹோம்ஸ்டே நடத்துகிறான். லாங்வுட் சோலைக்குப் பறவை பார்க்க வருகிறவர்களை நம்பித்தான் தொழில். ஐரோப்பியர்களும் வருவதால் தளத்தில் யூரோவிலும் வாடகை போட்டிருந்தான். அங்கிருக்கும் ஆட்களைக் குறிவைத்துச் சேவை விற்றால் அவர்கள் சட்டம் நம் வாசலுக்கும் வரும். தளம் செய்து கொடுத்தவர்கள் ஒரு பெட்டி வைத்திருந்தார்கள், அதில் 'ஓகே' என்று ஒரே ஒரு பொத்தான். 

சோதித்துப் பார்த்தேன். நீங்களும் பார்க்கலாம். கம்ப்யூட்டரில் இன்காக்னிடோ ஜன்னலில் உங்கள் தளத்தைத் திறந்து, எந்தப் பொத்தானையும் தொடாமல் எஃப் 12 விசையை அழுத்துங்கள். 'அப்ளிகேஷன்' தாவலில் இடப்பக்கம் 'குக்கீஸ்' இருக்கும். நான் 'ஓகே' அழுத்தும் முன்பே அங்கே பதினொரு குக்கீ உட்கார்ந்திருந்தது. விருந்தாளி கதவைத் தட்டி "வரலாமா?" என்று கேட்கும்போதே சமையலறையில் பாதிச் சாப்பாட்டை முடித்துவிட்ட கதை.

அந்தப் பெட்டியைத் திருத்தலாம் என்றுதான் ஆரம்பித்தேன். பாதியில் வேறு யோசனை வந்தது. அந்தக் குக்கீகள் யாருக்கு வேண்டும்? பக்கத்தில் பதித்திருந்த வரைபடத்தை எடுத்துவிட்டு, அரவேணுவிலிருந்து வரும் வழியை ஒரு படமாகப் போட்டு, தட்டினால் வரைபடம் திறக்கும்படி இணைப்புக் கொடுத்தேன். வீடியோவுக்கும் அதேதான். சமூக வலைதள விளம்பரத்துக்காக எப்போதோ ஒட்டிய 'பிக்சல்' என்ற கண்காணிப்பு நிரலை நீக்கினேன், அவன் விளம்பரம் கொடுத்தே இரண்டு வருஷம் ஆகிறது. வருகையாளர் எண்ணும் நிரலையும் எடுத்தேன். கடைசியில் மிஞ்சியது முன்பதிவுப் படிவத்துக்கான ஒரே ஒரு குக்கீ. அது வேலைக்கு வேண்டியது, அதற்கு ஒப்புதல் கேட்கத் தேவையில்லை. பெட்டியையே தூக்கிவிட்டோம். விருந்தினரிடமிருந்து என்ன விவரம் வாங்குகிறோம், எவ்வளவு நாள் வைத்திருப்போம் என்று தமிழிலும் இங்கிலீஷிலும் ஒரு பக்கம் எழுதி அடியில் இணைத்தோம்.

உங்களால் அப்படி முடியாது, எண்ணிக்கை நிரல் கட்டாயம் வேண்டும் என்றால், ஒப்புதல் வரும்வரை அந்த நிரல் ஓடக்கூடாது. ஏற்பதும் மறுப்பதும் ஒரே அளவு, ஒரே அழுத்தமான நிறம், ஒரே திரையில். பின்னால் மனம் மாறினால் திறக்க அடியில் ஓர் இணைப்பு. செய்து கொடுப்பவரிடம் இதை எழுத்தில் கேளுங்கள், முடிந்ததும் அதே எஃப் 12 சோதனையைச் செய்துவிட்டு மீதிப் பணத்தைக் கொடுங்கள்.

"எத்தனை பேர் பாக்கறாங்கன்னு இனிமே எப்படிக்கா தெரியும்?" என்று தம்பி முகத்தைத் தொங்கப் போட்டான். சர்வர் வைத்திருக்கும் நிறுவனத்தின் பதிவேட்டில் குக்கீ இல்லாமலே தோராயமான கணக்கு வரும் என்று காட்டினேன். ஒரு வாரம் தினமும் பார்த்தான். அப்புறம் சீசன் ஆரம்பித்துவிட்டது, போன் அடிப்பதை எடுக்கவே நேரம் போதவில்லை.